மரம் சொல்லி வழி சொன்ன சாலை: ஒரு திறந்த மடல்

கொடும்பாளூரில் தொடங்கி இலுப்பூர், அன்னவாசல், சித்தன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்கு வரும் சாலைக்கும், அதில் ஓடும் பேருந்துகளுக்கும், அதன் இரு பக்கமும் உள்ள பழமையான இடங்களுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

தை மாதம் எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் புளியமரங்களின் பட்டையைச் செதுக்கி வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்கள். 1-இல் தொடங்கி 41 வரை. பங்குனியில் ஒரு ஜேசிபி வந்து, வாய்க்கால் பாலத்தை ஒட்டி நின்ற சுமைதாங்கிக் கல்லைச் சாய்த்துவிட்டுப் போனது. சித்திரையில், காலை 10.40-க்குப் புறப்படும் டவுன் பஸ் நடையை நிறுத்தினார்கள். மூன்றையும் செய்தவர்கள் மூன்று வெவ்வேறு அலுவலகத்தார். ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் மற்ற இரண்டும் எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒரே சாலையில்தான் நடந்தன. அதனால் மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

நான் 26 வருடம் நடத்துநராக வேலை பார்த்து 2023-இல் ஓய்வு பெற்றவன். அதில் 17 வருடம் இந்தச் சாலையில்தான். எந்த வளைவில் ஓட்டுநர் கியரைக் குறைப்பார், எந்த மரத்தடியில் யார் கைகாட்டி நிற்பார் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் எனக்குத் தெரியும். சாலையை அகலப்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜல்லி ஏற்றிய டிப்பர் எதிரே வந்தால் எங்கள் வண்டி மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். ஐப்பசி மழையில் அப்படி இறங்கிய ஒரு நாள் பின்சக்கரம் புதைந்து, வண்டி கண்மாய்ப் பக்கமாகச் சாய்ந்தது. படியில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினேன். அந்த நடுக்கம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. சாலை அகலமாகட்டும். எதைக் கொடுத்து அகலமாகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தச் சாலை தொடங்கும் கொடும்பாளூரைச் சிலப்பதிகாரம் கொடும்பை என்கிறது. உறையூரை விட்டு மதுரைக்கு நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும், வழியில் சந்தித்த முதிய மறையவர் ஒருவர் பாதை சொல்கிறார். கொடும்பையின் பெரிய குளக்கரையை அடைந்தால், சிவபெருமான் கையில் இருக்கும் சூலத்தைப்போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறார். அதற்கு அடுத்து அவர் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வலப்பக்க வழியில் போனால் மராமரம் இருக்கும், காய்ந்த தலையோடு ஓமை இருக்கும், பொரிந்த பட்டையோடு உழிஞ்சில் இருக்கும், உலர்ந்த மூங்கில் இருக்கும் என்று மரங்களை அடையாளமாக வைத்தே சொல்லிக்கொண்டு போகிறார். எங்கள் வண்டியில் தினமும் வந்த தமிழாசிரியர் ஒருவர் இதை எனக்குச் சொன்ன அன்று மெய் சிலிர்த்துவிட்டது. எங்கள் பயணிகளும் அப்படித்தானே நிறுத்தம் சொல்வார்கள்! "ரெட்டைப் புளி ஒண்ணு குடுங்க." "ஒத்தை ஆலமரத்துல நிறுத்துங்கண்ணே." டிக்கெட் மெஷினில் ஸ்டேஜுக்கு ஒரு பெயர் இருக்கும். வாயில் வருவது மரத்தின் பெயர்தான். நீங்கள் எண் போட்டிருக்கும் 41 மரங்களில் 17-ஆம் எண்ணும் 18-ஆம் எண்ணும்தான் அந்த ரெட்டைப் புளி.

அந்த மரங்கள் வருடா வருடம் ஏலத்துக்குப் போனவை. மாசி மாதம் உலுக்கி, ஊர்ப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக் கூலி வாங்கிய மரங்கள். சித்திரை வெயிலில் வண்டி அந்த நிழலுக்குள் நுழைந்ததும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் முகத்தில் பிடித்த துண்டை எடுத்துவிடுவார்கள். நிழல் முடியும் இடத்தில் மறுபடியும் துண்டு ஏறும். வெட்டிய மரத்துக்குப் பதிலாகப் பத்துக் கன்று நடுவோம் என்று எங்களிடம் சொன்னார்கள். நடுங்கள், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இந்தக் களர்மண்ணில், இந்த மழையில், புளியங்கன்று ஒரு பேருந்துக்கு நிழல் தரும் அளவுக்கு வளர இரண்டு தலைமுறை ஆகும். மரங்கள் பெரும்பாலும் மேற்கு ஓரத்தில்தான் நிற்கின்றன. கிழக்கு ஓரம் புறம்போக்கு, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் அகலப்படுத்த முடியாதா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்தது சுமைதாங்கி. உங்களில் பலர் நகரத்தில் வளர்ந்தவர்களாக இருக்கலாம், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நட்டுவைத்த இரண்டு கல்தூண், அவற்றின் மேல் குறுக்கே படுக்கவைத்த ஒரு பலகைக்கல். அவ்வளவுதான் சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியாக நடந்து வருபவர் சுமையைக் கீழே இறக்கிவிட்டால் திரும்பத் தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். அதனால் பலகைக்கல்லை ஏறக்குறைய தோள் உயரத்தில் வைத்தார்கள். கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் சுமை தலையிலிருந்து கல்லுக்கு நகரும். மூச்சு வாங்கி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தலையைக் கொடுத்தால் சுமை ஏறிக்கொள்ளும். பிள்ளை பெறாமல் வயிற்றில் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டுவைக்கும் கல் அது. அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கிவைக்கட்டும் என்று நட்டது.

எங்கள் அப்பத்தா சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடை கொண்டுபோகும்போது அந்தக் கல்லில்தான் இறக்கிவைப்பார். கூடையை வைத்ததும் கல்லை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். யார் நினைவுக் கல் என்று அவருக்கும் தெரியாது. பலகைக்கல்லின் முன் விளிம்பில் மூன்று நான்கு எழுத்து தேய்ந்து கிடக்கும். சிறுவனாக இருந்தபோது விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு "ள்" மட்டும் தெரியும். பெண் பெயரின் கடைசி எழுத்தாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கூடை உரசி உரசிப் பலகையின் நடுப்பகுதி எண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று இருக்கும்.

இப்போது ஒரு தூண் வாய்க்காலுக்குள் கிடக்கிறது. இன்னொன்று மண்மேட்டுக்கு அடியில். பலகைக்கல் உடையவில்லை. நான் இறங்கிப் போய், மண்ணைத் தள்ளிப் பார்த்தேன், முழுசாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வேலையைக் கண்காணித்தவரிடம் கேட்டேன். "அது லிஸ்டுல இல்ல பெரியவரே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த பட்டியலில் அது இல்லைதான். பட்டியல் எழுதியவர்களிடம் நான் இப்போது பேசுகிறேன்.

தொன்மைச் சின்னங்களுக்குச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாடு. இந்த அளவு நல்லதே. ஆனால் சித்தன்னவாசலைச் சுற்றி ஒரு வட்டம், கொடும்பாளூரைச் சுற்றி ஒரு வட்டம், குடுமியான்மலையில் ஒரு வட்டம் என்று போட்டால் வட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சாலை யார் கணக்கிலும் வராமல் போகிறது. அந்த இடங்களுக்கு மனிதர்கள் நடந்து வந்த வழி எந்தக் காகிதத்திலும் இல்லை. சுமைதாங்கி சாய்ந்ததும் அந்த இடைவெளியில்தான்.

சித்தன்னவாசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்னவாசலும் சித்தன்னவாசலும் அடுத்தடுத்த நிறுத்தங்கள். அண்ணல்வாயில், சிற்றண்ணல்வாயில் என்பவைதான் இப்படித் திரிந்தன என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பெயரைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு அன்னவாசலிலேயே எழுந்துவிடுவார்கள். "இது அன்னவாசல், சித்தன்னவாசல் அடுத்தது, உக்காருங்க" என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! ஒருநாள் கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை. வயதான கணவன் மனைவி இருவர் அன்னவாசலில் இறங்கிவிட்டார்கள். திரும்பி வரும் நடையில் பார்த்தால் அந்த அம்மா சாலையோரம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்து வந்துகொண்டிருக்கிறார். ஐயாவின் செருப்பு ஒரு பக்கம் அறுந்து கையில் இருந்தது. அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அன்று என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பலகை தெளிவாகப் பேசியிருந்தால் நடத்துநரின் ஞாபகத்தை நம்பி யாரும் இறங்க வேண்டியதில்லை.

சித்தன்னவாசல் மலைமேல் ஏறிக் கிழக்குச் சரிவில் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்ற குகை. பாறையில் வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். உள்ளே 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல மேடாக விட்டுச் செதுக்கியவை. ஒரு படுக்கையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. எருமிநாட்டில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்று சொல்கிறது. எங்கிருந்தோ நடந்து வந்த ஒருவருக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் படுக்க இடம் வெட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சுமைதாங்கி நட்ட மனசும் அதே மனசுதான்.

மேற்குப் பக்கம் அறிவர் கோயில். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த, பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில். விதானத்தில் தாமரைக்குளம். அதில் மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். 2021-இல் டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபிறகு ஒருநாள், எங்கள் ஊரில் 100 நாள் வேலை பார்க்கும் பெண்கள் ஆறு பேர் 10.40 வண்டியில் ஏறினார்கள். பிறந்ததிலிருந்து அந்த மலையைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். ஒருவர்கூட உள்ளே போனதில்லை. சாயங்காலம் திரும்பும்போது ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "நம்ம குளத்துல எருமை கெடக்குற மாதிரியே வரைஞ்சு வச்சிருக்காங்கண்ணே. உள்ள நின்னு ம்ம்னு சொன்னா செவுரு பூரா திருப்பிச் சொல்லுது." ஊர் வரை அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் அவர்கள் சொல்லிக் கேட்டு இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள்.

அந்த 10.40 நடையைத்தான் கலெக்‌ஷன் இல்லை என்று நிறுத்தியிருக்கிறீர்கள். ஐயா, நான் அந்த வண்டியில் இன்வாய்ஸ் என்ற டிக்கெட் கணக்குத் தாள் எழுதியவன். அந்த நடையில் ஏறுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்குக் கிழித்துக் கொடுப்பது கட்டணமில்லாத சீட்டு. கையில் வரும் பணத்தை மட்டும் எண்ணினால் வண்டி காலியாக ஓடுவதாகத்தான் தெரியும். தலையை எண்ணிப் பாருங்கள். அந்தச் சீட்டுகளுக்கு அரசு ஈடுகொடுக்கிறது. காலை வேலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு பெண் கிளம்பக்கூடிய வண்டி அது ஒன்றுதான். 8.15 வண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு. அடுத்தது பிற்பகல் 1.20.

அன்னவாசலிலிருந்து பிரிந்து போனால் குடுமியான்மலை. கோயிலுக்குப் பின்னால் பாறையில் ஏழு ராகங்களுக்குச் சுரவரிசை வெட்டியிருக்கிறார்கள், 7-ஆம் அல்லது 8-ஆம் நூற்றாண்டு. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தது. இசை படிக்கும் பிள்ளைகள் சென்னையிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் ஒரே நாளில் சித்தன்னவாசலையும் குடுமியான்மலையையும் பேருந்தில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. நேரம் ஒன்றோடொன்று சேராது. கொடும்பாளூரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் கார் வேண்டும். அங்கே பூதி விக்ரமகேசரி என்ற இருக்குவேளிர் குலச் சிற்றரசன் தன் பெயரிலும் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரிலும் எடுத்த மூன்று கோயில் விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கார் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாமா?

சிறிய சமஸ்தானமாக இருந்தபோதே புதுக்கோட்டை 1910-இல் அருங்காட்சியகம் வைத்தது. 1929-இல் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து அச்சிட்டது. கையில் இருந்த வசதி குறைவு, ஊர் ஊராக ஆள் அனுப்பிப் படியெடுத்தார்கள். இந்தச் சாலையில் என்னென்ன இருக்கிறது என்று நடந்து பார்த்து எழுத இன்றைக்கு நம்மால் முடியாதா?

நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சுரம் என்ற கோயிலில் கல்வெட்டு ஒன்று உண்டு. சாத்தன் பூதி கட்டிய கற்கோயில் மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுக்கினான் என்பது செய்தி. புதுக்கியவன் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். முதலில் கட்டியவன் பெயரையும் சேர்த்தே வெட்டினான். நீங்கள் இப்போது இந்தச் சாலையைப் புதுக்குகிறீர்கள். உங்களுக்கு முன்னால் இதில் மரம் வைத்தவர்கள், கல் நட்டவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது இவை.

மரங்களை வெட்டும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள். ஊர்க்காரர்களை உடன் வைத்துக்கொண்டு 41 மரங்களையும் ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். கிழக்கு ஓரத்தில் அகலப்படுத்த இடம் இருக்கும் பகுதியில் ஒரு மரத்தைக்கூடத் தொடாதீர்கள். வளைவில் பார்வையை மறைக்கும் மரம் இரண்டோ மூன்றோ இருந்தால், வெட்டத்தான் வேண்டும் என்று எங்கள் முன்னால் காரணம் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். வெட்ட அனுமதி வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தின் நகலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

சுமைதாங்கியைப் பழைய இடத்திலேயே, சாலை விளிம்பிலிருந்து தள்ளி, பழைய உயரத்திலேயே நட்டுக்கொடுங்கள். சிமெண்ட் பூசாதீர்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். பலகைக்கல்லின் எழுத்தைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு மை ஒற்றிக் காகிதத்தில் படி எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயர் கிடைத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இது நடக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தூண் வண்டலுக்கு அடியில் போய்விடும். எடுத்து நடும் வேலைக்கு எங்கள் ஊரிலிருந்து பதினைந்து பேர் கூலி இல்லாமல் வரத் தயார்.

கொடும்பாளூர் முதல் புதுக்கோட்டை வரை சாலையின் இரு பக்கமும் உள்ள சுமைதாங்கி, மைல்கல், ஊருணிப் படிக்கட்டு, வயலில் இருக்கும் சமணச் சிற்பம், பழங்கால ஈமக் கல்வட்டம் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்து, அடுத்த பகுதி வேலை தொடங்கும் முன் ஒப்பந்தக்காரர் கையில் கொடுங்கள். பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியர்களையும் கிராம நிர்வாக அலுவலர்களையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மாத வேலை.

10.40 நடையைத் திரும்ப விடுங்கள். சனி, ஞாயிறு மட்டுமாவது ஒரு பேருந்து புதுக்கோட்டையில் கிளம்பி, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் மூன்றிலும் ஆளை இறக்கி, பிறகு அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பட்டும். நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று நான் எழுதித் தருகிறேன். பிரிவுகள் எல்லாவற்றிலும் தமிழில் பெரிய எழுத்தில், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், நடக்க எத்தனை நிமிடம் என்று பலகை வையுங்கள். அன்னவாசல் நிறுத்தத்தில் வைக்கும் பலகையில் "சித்தன்னவாசல் இது இல்லை, அடுத்த நிறுத்தம்" என்று ஒரு வரி சேருங்கள். பலகைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு திண்ணையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், அதற்குப் பூட்டுப் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும்.

மூன்று அலுவலகத்தாரும் ஒரு நாள் சேர்ந்து வாருங்கள். காரில் வேண்டாம், பேருந்தில் வாருங்கள். கொடும்பாளூரில் ஏறி எங்கள் ஊரில் இறங்குங்கள். அங்கிருந்து வாய்க்கால் பாலம் வரை மரத்தடியிலேயே நடந்து போகலாம், நான் கூட வருகிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் இந்த மடலைத் தீர்மானமாக வைக்கப்போகிறோம். அதற்கு முன்பு உங்கள் பதில் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
அன்னவாசல் வட்டாரம்